ஈரலுக்குள் போகாத ரத்தம்

திருவேங்கடம் பக்கம் வீட்டுப் பெரியவர் பகலெல்லாம் தூங்கி, ராத்திரி கொட்டக் கொட்ட விழித்து, பேச்சும் குழறினால், "வயசாயிட்டு, அப்படித்தான்" என்பார்கள். இல்லையென்றால் காத்துக்கருப்பு என்று திருநீறு போடுவார்கள். இரண்டொரு நாளில் தெளிந்துவிடும். கொஞ்ச நாளில் மறுபடியும் வரும். இப்படி வந்து வந்து போகிற குழப்பத்துக்கு, அபூர்வமாக, ஈரலின் ரத்தக்குழாய் காரணமாக இருக்கும்.

குடலில் உண்டாகும் அம்மோனியாவை ஈரல்தான் யூரியாவாக மாற்றுகிறது; அது சிறுநீரில் வெளியேறுகிறது. குடலிலிருந்து ஈரலுக்கு வரும் ரத்தக்குழாய் பிறவியிலேயே இடம் மாறிச் சேர்ந்திருந்தால், அம்மோனியா கலந்த ரத்தம் ஈரலுக்குள் போகாமலே மூளைவரை போய்விடும். 1793-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் அபர்நெதி, இறந்துபோன 10 மாதப் பெண் குழந்தையின் உடலில் இந்தத் தவறான இணைப்பைக் கண்டு எழுதினார். சிலருக்கு முதுமையில்தான் தொல்லை தெரியும்.

மலச்சிக்கல் வந்தால் குழப்பம் கூடும். கையெழுத்து கோணும். கைகளை நீட்டி மணிக்கட்டை மேலே தூக்கச் சொன்னால், நிற்காமல் பட்டுப் பட்டென்று விழும். வழக்கமான ஈரல் பரிசோதனை சரியாகவே காட்டலாம். அதனால்தான் சிலர் மனநோய் மாத்திரையோடு காலம் தள்ள நேர்கிறது, பாவம். ரத்தத்தில் அம்மோனியா எவ்வளவு, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். மலமிளக்கும் லாக்டுலோஸ் சிரப்பிலேயே பலர் தெளிகிறார்கள். தகுந்தவர்களுக்கு, ரத்தக்குழாய் வழியே மெல்லிய டியூப் செலுத்தி அந்தத் தவறான இணைப்பை அடைத்துவிடவும் முடிகிறது.