வீட்டுப் பட்டறையில் விமான எஞ்சின்

1910-ஆம் ஆண்டு டிசம்பரில், அன்றைய கல்கத்தாவின் டாலிகஞ்சில், பெல்ஜியம் நாட்டவரான டி கேட்டர்ஸ், டைக் என்னும் இருவர் விமானத்தில் பறந்து காட்டினர். அவர்கள் ஐரோப்பாவில் செய்த விமானங்களைக் கொண்டு வந்திருந்தனர். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், சென்னையில் ஓட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியின் பட்டறையில் தமக்கென ஒரு விமானத்தைச் செய்வித்துத் தீவுத்திடலில் பறந்தார்.

மரத்தாலும் துணியாலும் சட்டம் அமைப்பது தச்சருக்குக் கைவந்த கலை. எஞ்சினைச் செய்வதே அரிது. ரைட் சகோதரர்கள் கேட்ட எடை குறைந்த எஞ்சினை எந்தக் கம்பெனியும் கொடுக்கவில்லை. ஆகவே அவர்களுடைய சைக்கிள் கடையின் மெக்கானிக் சார்லஸ் டெய்லர், ஒரு லேத்தையும் துளைபோடும் இயந்திரத்தையும் துணைக்கொண்டு, ஆறே வாரங்களில் 12 குதிரைசக்தியுள்ள எஞ்சினை உருவாக்கினார். கிராங்க் ஷாப்டை ஒரே எஃகுக் கட்டியிலிருந்து குடைந்தெடுத்தார்.

1903 பிப்ரவரியில் அதை ஓட்டிப் பார்த்தபோது, சொட்டிய பெட்ரோல் தாங்கிகளில் பட்டு அவை இறுகிக்கொண்டன; அலுமினியக் கூடு உடைந்தது. ஏப்ரலில் புதிய வார்ப்பு வந்தது. டிசம்பரில் விமானம் பறந்தது. அந்த எஞ்சின் மேசைமேல் உடைந்ததே பெரும் பேறு என்போம். வானத்தில் உடைந்திருப்பின் கதை வேறாகியிருக்கும்.

வீட்டிலேயே எஞ்சினைக் கோப்பவர் இன்றும் நினைவில் கொள்ள வேண்டிய பாடம் இதுவே. மோட்டார் கார் வழியில் நின்றால் இறங்கித் தள்ளலாம். விமானத்தில் அதற்கு இடமில்லை. ஆதலால் குறைகள் அனைத்தும் தரையிலேயே வெளிப்பட வேண்டும். பிஸ்டன்களை நிறுத்து, ஒரே எடையுள்ளவையாகப் பொருத்துகின்றனர்; எடை மாறுபட்டால் அதிர்வு மிகும். போல்ட்டுகளைக் கைக்கணக்கில் முறுக்காமல், விசையை அளந்து காட்டும் ஸ்பானரால், குறித்த வரிசையில் முறுக்குகின்றனர். அவை அதிர்வில் கழலாதபடி கம்பியால் பிணைக்கின்றனர். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும் என்பதற்காகவே, பல எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உள்ளன. பின்னர்த் தரையில் கட்டிவைத்து ஓட்டி, எண்ணெயின் அழுத்தத்தையும் சூட்டையும் குறித்துக்கொள்கின்றனர்.

அதன் பிறகும் அரசின் அனுமதியின்றிப் பறத்தல் ஆகாது. மும்பையில் தம் குடியிருப்பின் மொட்டைமாடியில் விமானம் கட்டிய விமானி அமோல் யாதவுக்கு, பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2017-இல்தான் பதிவு கிடைத்தது. இத்தாமதம் சலிப்பூட்டலாம், ஆயினும் பிறர் கண் பார்த்த வேலையே நம்பத்தக்கது.

கொல்கத்தாவில் வாழும் நம் இளைஞர்க்கு இக்கலையின் வாயில் அருகிலேயே உள்ளது. குருசதய் சாலையில் 1959-இல் திறக்கப்பெற்ற பிர்லா தொழில் நுட்ப அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். மல்லிக் பஜாரில் பழைய மோட்டார் உறுப்புகள் கிடைக்கின்றன. ஒரு பழைய எஞ்சினை வாங்கி, பிரித்து, துடைத்து, மீண்டும் கோத்துப் பழகலாம். அது பயில்வதற்கே அன்றிப் பறப்பதற்கன்று. பிரித்த உறுப்புகளுள் ஒன்றுகூட எஞ்சாமல் கோத்து, அவ்வெஞ்சின் சீராக ஓடுமாயின், கைக்குப் பொறுமை வந்துவிட்டது என்று கொள்ளலாம். வானூர்தித் தொழிலுக்கு அதுவே முதற்படி.