ஆறு ஏற்பிகளுக்கு ஒரு சங்கிலி

நோய் எதிர்ப்பாற்றல் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் மருத்துவத்துக்குக் கற்றுத்தந்தது என்ன என்பதே இந்த நினைவுச் சொற்பொழிவின் பொருள். அதை ஒரு சிறுவனிலிருந்து தொடங்குவதே முறை.

1971 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிறந்தவன் டேவிட் வெட்டர். அவன் அண்ணன் எதிர்ப்பாற்றல் இன்றிக் கைக்குழந்தையாகவே இறந்திருந்ததால், டேவிட் பிறந்த உடனே கிருமி நீக்கிய பிளாஸ்டிக் அறைக்குள் வைக்கப்பட்டான். 1983இல் அக்காவின் எலும்பு மஜ்ஜை அவனுக்குச் செலுத்தப்பட்டது. அதில் மறைந்திருந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ் புற்றுநோயைக் கிளப்பியது. 1984 பிப்ரவரியில், 12 வயதில், டேவிட் இறந்தான்.

இந்த நோயின் காரணம் 1993இல் தெரியவந்தது. பெதஸ்டாவிலுள்ள அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் வாரன் லெனர்ட் குழுவினர், எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணு பழுதுபட்டிருப்பதைக் கண்டார்கள். செல்களுக்கிடையே செய்தி கடத்தும் இன்டர்லூகின்-2 என்ற சைட்டோகைனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியின் காமா சங்கிலியை உருவாக்கும் மரபணு அது.

ஆனால் கணக்கு இடித்தது. இன்டர்லூகின்-2 அறவே இல்லாத எலிகளிலும் டி செல்கள் என்னும் எதிர்ப்பாற்றல் வெள்ளணுக்கள் உருவாகின்றன; இந்தக் குழந்தைகளிடமோ டி செல்களே இல்லை. அப்படியானால் காமா சங்கிலிக்கு வேறு வேலைகளும் இருக்க வேண்டும். இருந்தன. இன்டர்லூகின் 2, 4, 7, 9, 15, 21 ஆகிய ஆறின் ஏற்பிகளுக்கும் அது பொது உறுப்பு. ஆறு வீடுகளுக்குப் பொதுவான சுவர் இடிந்தது போன்ற நோய் இது. இன்டர்லூகின்-7இன் செய்தி எட்டாததால் டி செல்கள் தைமஸில் வளர்வதில்லை. இன்டர்லூகின்-15இன் செய்தி எட்டாததால் இயற்கைக் கொல்லி செல்கள் இல்லை. பி செல்கள் இருக்கின்றன; ஆனால் டி செல்களின் உதவியும் இன்டர்லூகின்-21இன் தூண்டுதலும் கிடைக்காமல் பயனற்றுப்போகின்றன.

இன்டர்லூகின்-7 வந்து சேரும்போது நடப்பதைப் பார்த்தால் பழுதின் ஆழம் விளங்கும். செல்லின் மேலுறையில் ஆல்ஃபா சங்கிலியும் காமா சங்கிலியும் நெருங்குகின்றன. இரண்டுக்கும் சொந்தமாக நொதிச் செயல் கிடையாது; உட்புறத்தில் ஆல்ஃபாவுடன் ஜேக்1, காமாவுடன் ஜேக்3 என்ற நொதிகள் ஒட்டியிருக்கின்றன. சங்கிலிகள் நெருங்கியதும் இந்நொதிகள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு, ஏற்பியின் வால்பகுதியில் பாஸ்பேட்டைப் பொருத்துகின்றன. அந்த இடத்தில் ஸ்டாட்5 புரதம் வந்து அமர்ந்து, தானும் பாஸ்பேட் பெற்று, இரண்டிரண்டாக இணைந்து உட்கருவுக்குள் செல்கிறது. செல்லைச் சாகவிடாமல் காக்கும் மரபணுக்களை இயக்குகிறது.

1994இல் லெனர்ட் குழு இதிலிருந்து ஒரு முன்கணிப்பு செய்தது: காமாவோடு இணைந்த ஜேக்3 பழுதானாலும் இதே நோய் வர வேண்டும். 1995இல் அத்தகைய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இல்லாததால் பெண் குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள்.

அதே தர்க்கத்தைத் திருப்பிப் போட்டதில் மருந்து கிடைத்தது. எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும்போது ஜேக் நொதிகளைத் தடுத்தால் என்ன? ஜேக்3, ஜேக்1 ஆகியவற்றைத் தடுக்கும் டோஃபாசிட்டினிப் மாத்திரைக்கு, முடக்குவாதத்துக்காக 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அரிய நோய் பீடித்த சில குழந்தைகள் காட்டிய பாதையால் ஏராளமான மூட்டுவலி நோயாளிகள் பயன்பெறுகிறார்கள்.

அந்தக் குழந்தைகளுக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டியது இன்னும் மீதமிருக்கிறது. மூன்றரை மாதத்துக்குள் மஜ்ஜை மாற்று பெற்ற குழந்தைகளில் 94 சதவீதத்தினர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருந்ததாக 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. காய்ந்த ரத்தத் துளியில் இந்நோயைக் கண்டறியும் பரிசோதனையை, பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் தொடங்கியது. 2018க்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும் பின்தொடர்ந்தன.

இந்தியாவில் அந்தப் பரிசோதனை எல்லாக் குழந்தைகளுக்கும் இன்னும் எட்டவில்லை. இங்கே பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி உயிருள்ள கிருமியைக் கொண்டது. டி செல் இல்லாத குழந்தையின் உடலெங்கும் அது பரவக்கூடும். முந்தைய குழந்தை நோய்த்தொற்றால் இறந்த குடும்பம் என்று தெரிந்தால், பி.சி.ஜி.யை நிறுத்திவைத்து, டி செல்களை உள்ளடக்கிய லிம்போசைட் வெள்ளணுக்களின் எண்ணிக்கையை முதலில் பார்க்க வேண்டும். சாதாரண ஆய்வகத்திலும் செய்யக்கூடிய ரத்தப் பரிசோதனைதான் அது.