படங்களுக்குப் பெயர் எழுதுவோம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் பாடசாலையின் வரலாறு பாடசாலை அலுமாரிகளில் மட்டும் இல்லை. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உங்கள் வீட்டு அல்பங்களிலும் இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பவற்றுக்கு என்ன நேரலாம் என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது கண்டோம். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின.

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் இன்று ஈழத்து நூல்களோடு பாடசாலை மலர்களையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தருகிறது. இத்தகைய ஆவணகங்களுக்கும் நூதனசாலைகளுக்கும் ஸ்கான் செய்யவும் பாதுகாக்கவும் தெரியும். ஆனால் ஒரு பழைய வலைப்பந்தாட்ட அணிப் படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார் என்று எங்களிடம்தான் கேட்க வேண்டும்.

2008 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 3,000க்கும் மேற்பட்ட பழைய படங்களை ஃபிளிக்கர் தளத்தில் இட்டு, அறிந்ததை எழுதும்படி பொதுமக்களைக் கேட்டது. பலர் பெயர்களையும் இடங்களையும் எழுதினார்கள். நூலகத்தார் சரிபார்த்துத் தம் பதிவுகளைத் திருத்திக்கொண்டார்கள். நாங்களும் இப்படிச் செய்யலாம்.

பெயரும் திகதியும் இல்லாத எக்ஸ்ரே படத்தை நம்பி எந்த வைத்தியரும் சிகிச்சை தொடங்கமாட்டார். பாடசாலைப் படமும் அப்படித்தான். மூத்த அக்காமாரின் நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். ஸ்கான் செய்வதை அடுத்த வருடமும் செய்யலாம்; அவர்களிடம் கேட்க அடுத்த வருடம் வாய்க்குமோ தெரியாது.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். படத்தை அல்பத்திலிருந்து பிய்த்தெடுக்காமல் ஸ்கான் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும். மின்னஞ்சலில் கோப்பாக இணைத்து அனுப்புங்கள். ஆண்டு, நிகழ்வு, நிற்பவர்களின் பெயர்கள், சொன்னவரின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். ஐயமிருந்தால் கேள்விக்குறி இடுங்கள். படத்தில் உள்ளவர்களிடம் அனுமதி கேளுங்கள். மூலப்படம் உங்களிடமே இருக்கட்டும். பிரதிகள் பாடசாலையிலும் சங்கத்திலும் ஓர் ஆவணகத்திலும் இருக்க, சங்கம் ஒழுங்கு செய்யட்டும்.

இந்த வாரமே, உங்களுக்கு மேல் வகுப்பில் படித்த ஓர் அக்காவுக்குத் தொலைபேசி எடுங்கள். ஒரு படத்தையாவது காட்டிக் கேளுங்கள்.