கடல் கடந்த கல்வியும் கணக்குப் புத்தகமும்

பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றில் இடம் கிடைத்ததும் பயணம் உறுதியாயிற்றென்று பெற்றோர் பலர் மகிழ்கின்றனர். இடம் தருவது பல்கலைக்கழகம். மாணவர் விசா தருவது அரசாங்கம்.

என் பழைய மாணவனொருவன் தாய்மாமனின் வங்கிக் கணக்கைக் காட்டி விண்ணப்பித்தான். பணம் போதியதாகவே இருந்தது. எனினும் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. நானும் அவனுக்கு நற்சான்றுப் பத்திரம் எழுதிக் கொடுத்தேனேயன்றி, விதிகளை வாசித்தேனல்லேன்.

விதி கூறுவது யாது? பணம் மாணவனுடைய கணக்கிலோ, பெற்றோர் அல்லது சட்டபூர்வமான பாதுகாவலர் கணக்கிலோ இருத்தல் வேண்டும். தொடர்ந்து 28 நாட்கள், ஒரு நாளேனும் குறையாதிருத்தல் வேண்டும். அக்காலம் முடிந்து 31 நாட்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். பெற்றோர் கணக்காயின், பிறப்பத்தாட்சிப் பத்திரமும் அவர்தம் சம்மதக் கடிதமும் தேவை.

நம்மிடையே தாய்மாமன் தந்தைக்குச் சமமானவர். விதிப் புத்தகமோ அவ்வுறவை அறியாது. அதற்காகப் பொய்ப் பத்திரம் தேடுவது பெருந்தவறு. 10 ஆண்டுத் தடைக்கு ஆளாக நேரும்.

மாமன் அப்பணத்தைத் தந்தைக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். மாணவன் நாட்களை எண்ணிக் காத்திருந்து மீண்டும் விண்ணப்பித்தான்; விசா கிடைத்தது. ஆனால், ஓராண்டு வீணாயிற்று. பெற்றோரே, பயணப் பெட்டி வாங்குமுன் விதிகளை வாசியுங்கள்.