தகுதியும் தயக்கமும்

திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு பெண் புதிதாகப் பொறியியலாளர் பதவியை ஏற்கிறார் என்று கொள்க. பரீட்சைகளில் நன்கு தேறியவர், பலருள் தெரிந்தெடுக்கப்பட்டவர். ஆயினும் நாற்காலியில் அமர்ந்த அன்றே அவர் நெஞ்சம் நடுங்குகிறது. ‘இவ்விடத்துக்கு நான் உரியவள் அல்லேன், என்றேனும் ஒருநாள் என் அறியாமை வெளிப்பட்டுவிடும்’ என்று அஞ்சுகிறார். வேலை செவ்வையாக முடிந்தால் அதிர்ஷ்டம் என்கிறார். பிழை நேர்ந்தால் மட்டும் அது தம் இயல்பு என்கிறார். அவருடைய கணக்குப் புத்தகத்தில் வரவுக்கென்று ஒரு பக்கமே இல்லை.

இம்மனநிலையை 1978ஆம் ஆண்டில் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர் ஆராய்ந்து எழுதினர். அவர்கள் இதனைக் கண்டது திறமையற்றோரிடத்தில் அன்று. பட்டமும் பதவியும் பெற்ற பெண்களிடத்திலேயாம். ஆண்களுக்கும் இது உண்டென்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. பிறர் புகழ்ச்சி இதற்கு மருந்தாவதில்லை. புகழ்பவரும் ஏமாந்துவிட்டார் என்றே இவர்கள் எண்ணுவர்.

மருந்து யாது? துறைமுகமே அதனைக் கற்பிக்கும். முற்கால மாலுமிகள் நீரின் நிறத்தைக் கண்டு மருண்டு ஆழத்தை முடிவு செய்யவில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்தனர். அச்சம் அளவுகோல் ஆகாது. முடித்த வேலை எது, நேர்ந்த பிழை எது, அதைத் திருத்திய வழி எது என்று நாள்தோறும் எழுதி வருபவர், தம் ஆழத்தைத் தாமே அளந்தறிவர்.

தெரியாததைக் கேட்பதும் இழுக்கன்று. பல கடல்களைக் கடந்த கப்பற்றலைவரும் துறைமுக வாயிலில் வழிகாட்டியை ஏற்றிக்கொள்கிறார். அதனால் அவரை எவரும் போலி என்பதில்லை.

ஆனால், தயக்கம் யாவும் உள்ளத்திலேயே முளைப்பதன்று. பிறப்பையோ மொழியையோ பெண்மையையோ சுட்டி ஒருவரைச் சிறுமைப்படுத்தும் அலுவலகத்தில், திருந்த வேண்டியவர் அவரல்லர், மேலிருப்போரே.

இத்துறைமுகத்தின் பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று உண்டு. பிரித்தானியக் கடற்படைக்காகப் பம்பாயில் தேக்கு மரத்தால் அதனைக் கட்டியவர், தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய பார்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. 1817இல் நீரில் இறங்கிய அக்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்து நிற்கிறது. அதனைக் கட்டிய நாட்களில் அவர் உள்ளம் துணிந்ததோ, தயங்கியதோ, அறிவார் இல்லை. பலகைக்குப் பலகை பொருந்தியதா என்பதையே கடல் சோதித்தது.

புதிய பொறியியலாளரும் தம் பணியை அவ்வாறே சோதிப்பாராக. நெஞ்சு நடுங்கினும் கை தன் வேலையைச் செவ்வனே செய்யுமாயின், அந்நாற்காலி அவருக்கு உரியதே.