ஆய்வுக்கூடப் படிப்பு: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை
(ஜமாஅத் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"டாக்டர் சீட் கிடைக்கவில்லை, லேப் படிப்பிலாவது சேர்த்துவிடுவோம்" என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். அந்த 'ஆவது' என்னும் சொல்லை இன்றோடு விட்டுவிட வேண்டுகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். இரத்தம் எடுக்கும்போது கவனக்குறைவால் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால், அவற்றினுள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கலந்து, அதன் அளவு கூடியதுபோல் காட்டும். நோயாளியின் உடலில் குறை இராது. குழாயில் உள்ள இரத்தத்தில்தான் குறை. அதை உணராமல் அறிக்கை கொடுத்தால், மருத்துவர் இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்க நேரிடும். இயந்திரம் எண்ணைத் தரும். அந்த எண் நம்பத்தக்கதா என்று சொல்ல, படித்த மனிதர் வேண்டும். ஆகவே இது பொறுப்பு மிக்க கல்வி.

இக்கல்வி ஓர் ஏணி. முதற்படி மேல்நிலை வகுப்பிலேயே உள்ளது. இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் பயின்றிருக்க வேண்டும். பதினோராம் வகுப்பில் வணிகவியல் எடுத்த பிள்ளை பின்னர் வருந்திப் பயனில்லை.

அடுத்த படியில் இரண்டு வழிகள். ஒன்று டி.எம்.எல்.டி. என்னும் பட்டயம். மற்றொன்று பி.எஸ்ஸி. எம்.எல்.டி. என்னும் பட்டம். நம் மாநிலத்தில் இப்பட்டம் மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டுக் கட்டாய மருத்துவமனைப் பயிற்சியுமாக நடந்து வந்துள்ளது.

அதற்கும் மேலே எம்.எஸ்ஸி. எம்.எல்.டி. என்னும் முதுநிலைப் பட்டம். உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், இரத்தவியல் போன்ற ஒரு துறையில் ஆழ்ந்து பயிலலாம். இதில் சேர பொதுவாகப் பி.எஸ்ஸி. எம்.எல்.டி. பட்டத்தையே கேட்கிறார்கள். பலர் இடறி விழும் இடம் இதுதான். கலை அறிவியல் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்டம் பெற்றவரும் நுண்ணோக்கியில் பார்த்தவர்தாம். ஆயினும் மருத்துவமனைப் பயிற்சி அப்பாடத்திட்டத்தில் இல்லாமையால், பல இடங்களில் அவருடைய விண்ணப்பம் ஏற்கப்படுவதில்லை. பட்டயம் மட்டும் பெற்றவரும் நேரடியாக முதுநிலைக்குச் செல்ல இயலாது.

என் சொந்தத் தம்பியின் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் உம்மா வளையலை விற்றுக் கட்டிய பணத்தில், பக்கத்து நகரத்து நிறுவனம் ஒன்றில் ஓராண்டு 'லேப் கோர்ஸ்' படித்தார். சான்றிதழில் பொன்னிற முத்திரை பளபளத்தது. வளைகுடா வேலைக்கு விண்ணப்பித்தபோது, சான்றிதழ் வழங்கிய இடத்திலேயே நேரடியாக விசாரித்துச் சரிபார்த்தார்கள். பதில் சொல்ல அங்கே ஆளில்லை, அந்நிறுவனமே மூடப்பட்டிருந்தது. தம்பி இன்று துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். கை வேலையில் அவர் கெட்டிக்காரர். ஆனால் அதை யாரிடம் காட்டுவார்?

இப்போது சட்டமும் வந்துள்ளது. 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் மருத்துவ ஆய்வுக்கூடத் துறையையும் உள்ளடக்கியது. இணைத் தொழில்முறையாளர் என்பதற்குக் குறைந்தது 2,000 மணி நேரக் கல்வியும், சுகாதாரத் தொழில்முறையாளர் என்பதற்குக் குறைந்தது 3,600 மணி நேரக் கல்வியும் வேண்டும் என்று அச்சட்டம் வரையறுக்கிறது. அதன்கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் அறிவித்தது. ஆறு மாதத்தில் முடியும், வீட்டிலிருந்தே படிக்கலாம் என்னும் விளம்பரங்களை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள்.

ஆகவே பெற்றோர்களே, பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? பயிற்சி எந்த மருத்துவமனையில்? இதை முடித்தவர் எம்.எஸ்ஸி.யில் சேர்ந்திருக்கிறாரா? மூன்றுக்கும் எழுத்தில் விடை தராத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். வாய்ப்பிருந்தால் அப்பல்கலைக்கழகத்திடமே விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கல்வி உதவி நிதிக்கு விண்ணப்பம் வரும்போது, மதிப்பெண் பட்டியலோடு இம்மூன்று விடைகளையும் கேட்டுப் பெறுங்கள். மாணவருக்குத் தொகை தருவது உதவி. தவறான வாசலில் நுழையாமல் தடுப்பது அதனினும் பெரிய உதவி.

என் தம்பிக்கு அன்று இதைச் சொல்ல யாருமில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இன்று சொல்லிவிட்டேன்.