காராய் விக்டோரியா பாலம்



கோலகங்சாரை அடுத்த காராயில், பேராக் ஆற்றின் குறுக்கே விக்டோரியா பாலம் என்னும் பழைய இரயில் பாலம் ஒன்று நிற்கின்றது. 1897ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய அதன் கட்டுமானப் பணி 1900ஆம் ஆண்டு மார்ச்சில் நிறைவெய்தியது. ஈயத் தொழிலின் பொருட்டே அது எழுந்தது. நமக்குச் சோறிடும் ரப்பர் மரத்தின் 9 கன்றுகள் 1877இலேயே கோலகங்சாரில் நடப்பட்டிருந்தன. எனினும் அந்நாளில் ஈயத்திற்கே ஏற்றம்.

செங்கல் தூண்களின் மேல் அமர்ந்துள்ள அப்பாலத்தைப் பக்கத்தில் நின்று நோக்கினால், உருக்குச் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாகப் பின்னப்பட்டிருப்பது புலப்படும். அழகு கருதிச் செய்ததன்று அது. நான்கு கழிகளை ஆணியால் இணைத்துச் சதுரமாக்கி, ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள், சாய்ந்து போகும். மூன்று கழிகளை அவ்வாறே இணைத்துத் தள்ளுங்கள். கழி முறிந்தாலன்றி வடிவம் மாறாது. இரயில் ஏறும்போது சில சட்டங்கள் இழுபடுகின்றன, சில நெருக்குண்கின்றன. இவ்வாறு பளு தூண்களுக்குச் சென்று சேர்கின்றது. கட்டியவர்தம் கணக்கு பிழையாகவில்லை; 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும் பாலம் தாங்கி நின்றது.

ஆயினும், இவ்வமைப்பில் வேலையற்ற சட்டம் என ஒன்றைக் காண்பது அரிது. ஒன்று தளர்ந்தால் அதன் சுமை அடுத்ததன்மேல் விழும். தகரக் கூரையில் ஆணி அறைந்த துளையிலிருந்தே துரு பரவுவதை நாம் அறிவோம். பாலத்திலும் அவ்வாறே, மழைநீரும் சருகும் மண்ணும் தங்கும் மூட்டுகளையே துரு முதலில் அரிக்கும். சாயம் பூசுவது வீண் செலவு என்பார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2002இல் அருகே புதிய கான்கிரீட் பாலம் அமைந்தபின், இரயில் இதனை விட்டு நீங்கியது. “ஓடாத பாலத்தைப் பழைய இரும்புக்கு எடை போட்டால் என்ன?” எனக் கேட்போரும் உளர். தண்டவாளத்தின் ஓரமாக உள்ள குறுகிய பாதை, அக்கரைக்கும் இக்கரைக்கும் நடந்தும் மோட்டார் சைக்கிளிலும் செல்வோர்க்கு வழியாயிற்றே! பழங்கட்டுமானங்களைக் காக்க 2005ஆம் ஆண்டில் தேசிய மரபுச் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும் இரவில் ஒருவன் திருகாணியைக் கழற்றி விற்பதைச் சட்டப் புத்தகம் நேரில் வந்து தடுக்காது. அக்கம்பக்கத்தார் கண்தான் தடுக்கும். அத்தகைய பாலங்களில் கழன்ற பலகையோ, ஆடும் கைப்பிடியோ, காணாமற்போன ஆணியோ தென்பட்டால், அன்றே மாவட்ட அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள். எந்தக் கரையிலிருந்து எத்தனையாவது தூண் என்பதையும் எண்ணிச் சொல்லுங்கள்.